ஆறு சிலிண்டர்: ஒரு வாடகைக் காரின் நினைவும் ஓர் இயந்திரத்தின் எதிர்காலமும்

சென்ற விடுமுறைக்குக் கனடாவிலிருந்து என் மருமகன் களுவாஞ்சிக்குடிக்கு வந்திருந்தான். ஸ்காபரோவில் வளர்ந்தவன். உழைத்துச் சேர்த்த பணத்தில் பழைய பி.எம்.டபிள்யூ. இசட்4 ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். இருவர் மட்டும் அமரக்கூடிய, கூரை திறக்கும் கார். நீண்ட முன்பகுதிக்குள் வரிசையாக ஆறு சிலிண்டர்கள். அதன் படங்களைக் கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, "மாமா, இப்படி ஒரு கார் இனிமேல் எங்களைப் போன்ற ஆட்கள் வாங்கக்கூடிய விலைக்கு வருமா?" என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தித்தாள்களில் தேர்தலையும் போரையும் வெள்ளத்தையும் எழுதிவந்த எனக்கு இது சற்று அந்நியமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பார்த்தபோது அதற்கான விடையில் பாதி எங்கள் ஊர் வேப்பமரம் ஒன்றின் கீழ் வெகுகாலம் துருப்பிடித்துக் கிடந்தது என்பது நினைவுக்கு வந்தது.

எங்கள் பகுதியில் குடி தாய்வழியாக வருவது. ஆகவே தாய்மாமனின் சொல்லுக்கும் அவருடைய உடைமைக்கும் வீட்டில் தனி மதிப்பு. என் மாமாவின் உடைமை ஒரு வாடகைக் கார். ஊரிலே ஓடிய மற்ற வாடகைக் கார்கள் பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர். மாமாவினுடையது போர்ட் செபர் சிக்ஸ். 1951இல் விற்பனைக்கு வந்த வகை அது. மூன்றாவது கையாக மாமாவிடம் வந்தது. அறுபதுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கையில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. அவற்றுள் குறைவாகப் பெற்றோல் குடிக்கும் ஏ40க்கே கிராக்கி. ஆறு சிலிண்டர்க் காரை விற்பவர் விலையைக் குறைத்துத்தான் விற்றார். மாமா அதனால்தான் அதை வாங்க முடிந்தது.

குருமண்வெளித் துறையில் பாதையேறி மண்டூர் முருகன் கோயிலுக்குப் போகிறவர்களைத் துறைவரை கொண்டுபோய் விடுவது, கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றுவது, நோயாளரை மட்டக்களப்புக்குக் கொண்டு செல்வது ஆகியவை அந்தக் காரின் தொழில். மட்டக்களப்புக்குப் போவதென்றால் கல்லடிப் பாலத்தைக் கடக்க வேண்டும். 1928இல் கட்டப்பட்டு, ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரைப் பெற்ற அந்த ஒடுங்கிய பாலத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் வரும்வரை மறுபக்கத்தார் காத்துநிற்க வேண்டும். (2013இல்தான் பக்கத்திலே புதிய பாலம் திறக்கப்பட்டது.) காத்து நிற்கும் வேளையில் முன்னால் நிற்கும் ஏ40இன் பின்புறம் நடுங்கிக்கொண்டிருக்கும். மாமாவின் கார் இயங்குகிறதா நின்றுவிட்டதா என்று சிறுவனான எனக்குத் தெரியாது. ஒருமுறை இயந்திரத்தின் மேல்மூடியில் ஒரு கிளாஸ் பிளேன்டீயை வைத்துக் காட்டினார். தேநீரின் மேற்பரப்பு மெல்லச் சிலிர்த்ததே தவிர ஒரு துளியும் சிந்தவில்லை.

அந்த அமைதிக்குக் காரணம் எளிய கணக்குத்தான். நான்கு சிலிண்டர்கள் வரிசையாக உள்ள இயந்திரத்தில் இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். ஆனால் பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது ஓடும் வேகமும் அடியை நெருங்கும்போது ஓடும் வேகமும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை அதிர்வாக வெளிப்படும். வரிசையாக ஆறு சிலிண்டர்கள் இருந்தால் ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும் சோடி சோடியாக இயங்க, மூன்று சோடிகளின் விசைகளும் ஒன்றையொன்று சமப்படுத்திவிடும். தவிர, நான்கு சிலிண்டரில் அரைச் சுற்றுக்கு ஒருமுறை வரும் உந்துதல், ஆறில் மூன்றிலொரு சுற்றுக்கு ஒருமுறை வரும். 1-5-3-6-2-4 என்ற தீப்பொறி வரிசையை எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் வாய்ப்பாடுபோலச் சொல்லுவார்.

மாமாவின் காருக்கு ஒரு தம்பி உண்டு. அதன் பெயர் கொன்சல். இரண்டும் ஒரே குடும்பம். கொன்சலின் இயந்திரம் 1508 சிசி, நான்கு சிலிண்டர். செபரின் இயந்திரம் 2262 சிசி, ஆறு சிலிண்டர். வகுத்துப் பாருங்கள்: இரண்டிலும் ஒரு சிலிண்டர் 377 சிசி. அதே விட்டம், அதே வீச்சு. இரண்டு சிலிண்டர்களை மேலதிகமாகச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அந்த இரண்டைக் கொடுப்பதா பறிப்பதா என்பதே இந்த இயந்திரத்தின் முழு வரலாறும் என்று சொல்லலாம்.

அதைத் தீர்மானித்தது பெரும்பாலும் வரிப் பட்டியலே. பிரித்தானியாவில் 1921 முதல் கார்களுக்குக் 'குதிரைவலு' வரி இருந்தது. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டரையால் வகுத்து வருவதே அந்தக் குதிரைவலு. தொடக்கத்தில் ஒரு குதிரைவலுவுக்கு ஆண்டுக்கு ஒரு பவுண். பிஸ்டன் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது கணக்கில் இல்லை. எனவே பிரித்தானிய நிறுவனங்கள் ஒடுங்கிய சிலிண்டரில் நெடுந்தூரம் பிஸ்டனை ஓடவிடும் இயந்திரங்களையே செய்தன. ஏ40இன் இயந்திரமும் அந்த மரபில் வந்ததுதான். பழைய சூத்திரத்தை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன்: ஏ40க்குப் பத்தரை, செபருக்கு இருபத்து மூன்றுக்கு மேல். 1948இல் அந்த முறை ஒழிக்கப்பட்டு புதிய கார்களுக்கு ஒரே வரியாகப் பத்துப் பவுண் விதிக்கப்பட்டதன் பின்னரே, வீச்சைவிட விட்டம் பெரிதாக உள்ள செபரின் ஆறு சிலிண்டர் பொதுமக்கள் வாங்கக்கூடிய காரில் இடம்பிடித்தது.

அது வெறும் குடும்பக் கார் மட்டுமல்ல. 1953ஆம் ஆண்டின் மொன்டி கார்லோ ஓட்டத்தில் வென்றது ஒரு செபர். ஓட்டியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கட்சோனிடஸ். பின்னாளில் வேகத்தை அளக்கும் தெருக் கமராவை உருவாக்கியவரும் இவரே. இலண்டனில் அபராதச் சீட்டு வாங்கிய உறவினர் பலருக்கு அவருடைய பெயர் தெரியாதிருக்கலாம், கைவண்ணம் தெரிந்திருக்கும்.

ஐம்பதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் நடுவரை சாதாரணச் சம்பளக்காரரும் ஆசைப்படக்கூடிய ஆறு சிலிண்டர் விளையாட்டுக் கார்கள் பல வந்தன. 1956இல் ஒஸ்ரின் ஹீலி, 1966இல் ட்ரையம்ப் ஜி.டி.6, 1968இல் ட்ரையம்ப் டி.ஆர்.6. அமெரிக்காவில் 1964இல் வந்த போர்ட் மஸ்டாங்கின் ஆரம்ப விலையான 2,368 டொலருக்குக் கிடைத்ததும் ஆறு சிலிண்டரே. 1969இல் ஜப்பானின் டட்சன் 240இசட் வந்தது. அமெரிக்காவில் 3,526 டொலர் விலை. ஐரோப்பியர் அதைவிடக் கூடிய விலைக்குத் தந்ததை ஜப்பானியர் மலிவாகவும் பழுதின்றியும் தந்தனர். 1977இல் இலங்கையில் இறக்குமதி திறந்துவிடப்பட்டபின் டட்சன் என்றாலே எங்களுக்குச் சன்னிதான். அதே பெயரில் உலகம் மயங்கிய ஆறு சிலிண்டர்க் கார் ஒன்று உண்டு என்பதைப் பத்திரிகைக்கு வந்த பிறகே அறிந்தேன்.

அந்தச் சன்னிகள் ஊருக்கு வந்த காலத்தில்தான் மாமாவின் காருக்கு முடிவு வந்தது. 1973இல் ஒருமுறையும் 1979இல் மறுமுறையும் உலக எண்ணெய் விலை எகிறியது. வாடகைப் பணம் பெற்றோலுக்கே போதவில்லை. 1980ஆம் ஆண்டளவில் ஒருநாள், மெக்கானிக் அண்ணனின் கராஜில் சங்கிலி போட்டு ஆறு சிலிண்டர் இயந்திரத்தை வெளியே தூக்கி, ஜப்பானிய நான்கு சிலிண்டர் டீசல் இயந்திரத்தை உள்ளே இறக்கினார்கள். 1978 சூறாவளிக்குத் தப்பிய வேம்பின் கீழ் பழைய இயந்திரம் போய்ச் சேர்ந்தது. கணக்கின்படி மாமா செய்தது முற்றிலும் சரி. வீட்டில் உலை தொடர்ந்து கொதித்தது. ஆனால் அதன்பின் அவர் கல்லடிப் பாலத்தடியில் காத்து நிற்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிடுவார். டீசல் மிச்சம் என்பார். அந்தச் சத்தத்தைக் கேட்க விரும்பவில்லை என்பது என் எண்ணம்.

இன்றைய உலகமும் மாமா போட்ட கணக்கையே போடுகிறது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் சிலிண்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ அரை லீற்றர் என்ற அளவை வகுத்து, மூன்று, நான்கு, ஆறு என்று ஒரே குடும்ப இயந்திரங்களைச் செய்கிறது. 2019இல் அந்நிறுவனத்தோடு சேர்ந்து டொயோட்டா கொண்டுவந்த சுப்ரா ஒரே உடலில் இரண்டு லீற்றர் நான்கு சிலிண்டராகவும் மூன்று லீற்றர் ஆறு சிலிண்டராகவும் விற்கப்பட்டது. கொன்சலும் செபரும் எழுபது ஆண்டுகளின்பின் மறுபடி பிறந்தாற்போல! அந்தச் சுப்ராவின் உற்பத்தியை 2026இல் முடிப்பதாக டொயோட்டா அறிவித்தது. மஸ்டாங்கின் ஆறு சிலிண்டர் 2017ஆம் ஆண்டு வகையோடு நின்றது.

காரணங்கள் பல. ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களின் சராசரிக் காபனீரொட்சைட்டைக் கிலோமீற்றருக்கு 130 கிராம், பின்னர் 95 கிராம் என்று குறைத்துக்கொண்டே வந்தது. 2035இன்பின் புகைவிடும் புதிய கார்களே விற்கக்கூடாது என்று 2023இல் சட்டமியற்றியது. 2025 டிசம்பரில் அதைத் தளர்த்தும் யோசனையை ஐரோப்பிய ஆணையம் முன்வைத்தது. இத்தகைய தடுமாற்றத்தின் நடுவே எந்த நிறுவனமும் புதிய ஆறு சிலிண்டரில் துணிந்து முதலிடாது. இன்னொரு காரணம் இடம். 1959இல் வந்த மினி இயந்திரத்தைக் குறுக்காக வைக்கக் கற்றுக்கொடுத்த பின்னர், சிறிய கார்கள் எல்லாம் அவ்வழியே போயின. நீண்ட ஆறு சிலிண்டர் அங்கே அடங்குவதில்லை. மேலும், தேவையும் குறைந்துவிட்டது. மாமாவின் ஆறு சிலிண்டர் தந்தது 68 குதிரைவலு. 2020இல் வந்த டொயோட்டா ஜி.ஆர். யாரிஸின் மூன்று சிலிண்டர் 250க்கு மேல் தருகிறது.

அப்படியானால் ஆறு சிலிண்டர் அழிந்துவிடுமா? இல்லை என்பதே என் கணிப்பு. மேர்சிடிஸ் 2017இலும் மஸ்டா 2022இலும் வரிசை ஆறு சிலிண்டர்களைப் புதிதாக உருவாக்கின. ஆனால் அவை போய் அமர்ந்தவை பெரும்பாலும் விலையுயர்ந்த பெரிய வாகனங்கள். எங்கள் ஊரிலும் நடந்தது அதுவே. வாடகைக் காரிலிருந்து ஆறு சிலிண்டர் வெளியேறிய அதே நாட்களில், அந்த வீதியால் ஓடிய இ.போ.ச. லேலண்ட் பேருந்துகளில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. சென்னை எண்ணூரில் ஏ40 கார்களைப் பொருத்துவதற்கென்று 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்டாகி, கார்களைக் கைவிட்டுப் பேருந்துக்கும் லொறிக்கும் ஆறு சிலிண்டர் செய்தது. உழைத்துக் கொடுக்கும் இடத்திலும் செல்வர் வீட்டிலும் ஆறு சிலிண்டர் பிழைத்துக்கொள்ளும். போகப்போவது, நடுவிலே நிற்கும் ஒருவன் தன் மகிழ்ச்சிக்காக வாங்கக்கூடிய விலைதான்.

எங்கள் நாட்டில் அந்த விலை முன்பே போய்விட்டது. இங்கே காரின் கலால் வரி சிசி கணக்கில் ஏறுகிறது; பழைய பிரித்தானிய வரியின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்தபோதும், மூன்று லீற்றர் என்பது எங்களுக்குப் பேச்சளவில்தான்.

மருமகனிடம் இவ்வளவையும் சொன்னேன். புதிதாக வராது, வந்தாலும் உன் விலைக்கு வராது, கையிலிருப்பதைப் பழுதுபார்த்து வைத்திரு என்றேன். எங்கள் ஆட்களுக்கு ஆறு சிலிண்டர் எப்போதும் இரண்டாம் மூன்றாம் கையாகத்தான் வந்திருக்கிறது. அதை ஓடவைத்தது உதிரிப் பாகமும் ஒரு மெக்கானிக்கின் காதும். யாழ்ப்பாணத்தில் 1990இன் பின்னான பொருளாதாரத் தடைக்காலத்தில் ஏ40களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களும் அப்படிப்பட்ட கைகளே. அந்தக் கைகள் முதுமையடைகின்றன என்பதே கார்கள் நின்றுபோவதைவிட எனக்குக் கவலை தருவது.

மறுநாள் பின்னேரம் அவனை மெக்கானிக் அண்ணனிடம் அழைத்துச் சென்றேன். எண்பதைத் தாண்டிவிட்டார். கராஜை மகன் நடத்துகிறார். முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் நின்றன. வேம்பின் கீழே கிடந்த இயந்திரத்தைப் போர் ஓய்ந்தபின் வந்த பழைய இரும்பு வியாபாரி நிறுத்துக் கொண்டுபோய்விட்டார். மருமகன் தன் காரை இயக்கும் காட்சியைக் கைத்தொலைபேசியில் போட்டான். பெரியவருக்குக் கண் தெளிவில்லை. திரையைப் பாராமல் தொலைபேசியை வாங்கிக் காதருகே வைத்துக்கொண்டார்.

"ஆறு சிலிண்டர் மனே," என்றார். "ஒரு வால்வு கொஞ்சம் சத்தம் போடுது. போய்க் காட்டு."

கனடா திரும்பி இரு வாரங்களில் மருமகன் அழைத்தான். காட்டினானாம். பெரியவர் சொன்னது சரியாம்.