கொடுக்க மறுத்த வைரஸ்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். ஆய்வகத்தில் வேலை. "ஒரு சின்னக் குப்பியை வெளிநாட்டுக்கு அனுப்ப இத்தனை கையெழுத்தா சார்? யார் கொண்டுவந்த சட்டம் இது?" என்று அலுத்துக்கொண்டாள். போனில் சொல்லி முடிகிற கதையில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்ததும் நம்மூர்க் கறிக்கடைகள் ஈயாடியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நமக்கு அது கோழியோடு போயிற்று. இந்தோனேசியாவில் மனிதர்களையும் பிடித்தது. 2005 முதல் அங்கே எச்5என்1 தொற்றியவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் பிழைக்கவில்லை.

இந்த வைரஸ் அடிக்கடி உருமாறும். அதனால் 1952 முதலே உலக சுகாதார நிறுவனம் ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. எல்லா நாடுகளும் தங்களிடம் கிடைக்கும் காய்ச்சல் வைரஸை இலவசமாக அனுப்பும். அட்லாண்டா, லண்டன், மெல்போர்ன், டோக்கியோ ஆய்வகங்கள் அதைச் சோதித்து, எதற்குத் தடுப்பூசி தேவை என்று சொல்லும். கம்பெனிகள் தயாரிக்கும். அரை நூற்றாண்டாக யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

இந்தோனேசியா அனுப்பிய வைரஸை வைத்து ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று தடுப்பூசி உருவாக்குகிறது என்ற செய்தி ஜகார்த்தாவுக்கு எட்டியபோது நிலைமை மாறியது. வைரஸ் எங்களுடையது, இறந்தவர்கள் எங்கள் மக்கள். நாளைக்கு ஊசி வேண்டுமென்றால் நாங்களே காசு கொடுத்து வரிசையில் நிற்க வேண்டுமா? சுகாதார அமைச்சர் சித்தி ஃபாடிலா சுபாரி மாதிரி அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

அவர் கையில் ஒரு சட்டப்பிடியும் இருந்தது. 1992இல் ரியோவில் கையெழுத்தான பல்லுயிர் உடன்படிக்கை, ஒரு நாட்டின் மரபணு வளங்கள் மீது அந்த நாட்டுக்கே உரிமை என்றது. அதுவரை செடி, விதை, நுண்ணுயிர் எல்லாம் யாரும் அள்ளிக்கொண்டு போகலாம் என்றிருந்தது. அதை எழுதியவர்கள் மூலிகையையும் விதையையும் மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார்கள். ஆளைக் கொல்லும் வைரஸையும் ஒரு நாடு 'என் வளம்' என்று கேட்கும் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

மேலைநாட்டில் கடும் கண்டனம் எழுந்தது. உலகத்தையே பணயம் வைக்கிறார் என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வைரஸ் எப்படி மாறுகிறது என்று தெரியாவிட்டால் ஆராய்ச்சியாளர் இருட்டில் துழாவ வேண்டியதுதான். ஆயுதம் செய்யவும் நம் வைரஸைப் பயன்படுத்தக்கூடும் என்கிற அளவுக்கு அமைச்சர் போனது எனக்கும் அதிகப்படியாகத் தெரிந்தது. ஆனால் அவர் கேட்ட அடிப்படைக் கேள்விக்கு யாரிடமும் பதிலில்லை. 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது பணக்கார நாடுகள் தடுப்பூசியை முன்பே பதிவுசெய்து வைத்திருந்ததை உலகமே பார்த்தது.

நான்கு வருடப் பேச்சுக்குப் பிறகு 2011 மே மாதம் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம் வந்தது. பெருந்தொற்றாகக்கூடிய காய்ச்சல் வைரஸை நாடுகள் தர வேண்டும். அதைப் பயன்படுத்தும் கம்பெனிகள் ஆண்டுக்குச் சுமார் 2.8 கோடி டாலர் தர வேண்டும், நோய் பரவினால் மருந்திலோ தடுப்பூசியிலோ ஒரு பங்கு ஒதுக்க வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டே ஜப்பானின் நகோயாவில் எல்லா மரபணு வளங்களுக்கும் ஒரு நெறிமுறை ஏற்கப்பட்டு, 2014இல் நடைமுறைக்கு வந்தது. என் மாணவி புலம்பும் கையெழுத்துகள் இந்த வரிசையில் பிறந்தவைதான். ஜெனீவா ஒப்பந்தத்தில் சாதாரணப் பருவக் காய்ச்சல் சேரவில்லை. ஆனால் அந்தத் தடுப்பூசியில் எந்த வைரஸைச் சேர்ப்பது என்று ஆண்டுக்கு இருமுறை, தேதி குறித்து முடிவெடுக்கிறார்கள். மாதிரி தாளில் சிக்கி நாலு வாரம் தாமதித்தால் அந்த முடிவுக்கு உதவாது. வியாபாரியைக் கட்ட நெய்த வலையில் வண்டு பிடிக்கும் ஆராய்ச்சியாளரும் மாட்டிக்கொள்கிறார். 2018இல் 'சயின்ஸ்' இதழில் பிரதாபன், பெத்தியகொட உள்ளிட்ட அறிஞர்கள் இதைத்தான் முறையிட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் உடன் கையொப்பமிட்டார்கள்.

இதற்கிடையே குப்பியே தேவைப்படாத காலம் வந்துவிட்டது. 2020 ஜனவரியில் சீனா வெளியிட்ட கொரோனா மரபணு வரிசையை வைத்தே, வைரஸ் கைக்கு வருமுன் தடுப்பூசி வேலை தொடங்கியது. எழுத்துவரிசைக்கு யார் உரிமையாளர்? 2025 மே மாதம் பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்ற நாடுகள், வைரஸையும் பலனையும் பகிரும் பகுதியை மட்டும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தன.

கையெழுத்து வாங்கி முடித்ததும் போன் செய், அம்மா.