வைட்டமின் சி: ஒரு பழைய பாடத்தைத் திருத்துகிறேன்

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மகன் பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு நெருங்குகிறது. "சளி பிடிச்சிடக் கூடாதுன்னு தினமும் வைட்டமின் சி மாத்திரை குடுக்கிறேன் டீச்சர். நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க" என்றாள். சொன்னேன்தான். 'வைட்டமின் சி குறைந்தால் ஸ்கர்வி வரும்; நிறையச் சாப்பிட்டால் சளி பிடிக்காது' என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி எங்கிருந்து எனக்கு வந்தது என்று இத்தனை நாளும் நான் கேட்டுக்கொண்டதே இல்லை. இந்த வாரம் உட்கார்ந்து படித்தேன்.

முதல் பாதிக்கு ஆதாரம் 1747 மே மாதம் 'சாலிஸ்பரி' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கிடைத்தது. ஈறு அழுகி, உடம்பெல்லாம் புள்ளி விழுந்து படுத்துக்கிடந்த 12 மாலுமிகளைக் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஆறு ஜோடிகளாகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. மருந்து மட்டும் வேறு வேறு. ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, இன்னொன்றுக்கு நீர்த்த கந்தக அமிலம், அடுத்தடுத்து வினிகர், கடல் நீர், பூண்டும் கடுகும் சேர்ந்த லேகியம். (கடல் நீர் குடித்த அந்த இருவரை நினைத்தால் எனக்கு இன்றும் பாவமாக இருக்கிறது.) கடைசி ஜோடிக்குத் தினம் இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை. ஆறு நாளில் பழம் தீர்ந்துபோனது. அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். மற்றவர் மீதி நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டார். லிண்ட் 1753இல் இதைப் புத்தகமாக எழுதினார். கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்க முடிவெடுத்தது 1795இல். லிண்ட் அதற்கு முந்தைய வருஷமே காலமாகிவிட்டார்.

அந்தப் பழத்தில் இருந்த பொருளை ஹங்கேரிக்காரரான ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி குடைமிளகாயிலிருந்து ஏராளமாகப் பிரித்தெடுத்ததும், 1937இல் நோபல் பரிசு பெற்றதும் உங்களுக்கு நான் நடத்திய பாடம்தான்.

சளிக் கதையை உலகமெங்கும் பரப்பியவர் லைனஸ் பாலிங். வேதியியலுக்கு 1954இல் ஒரு நோபல், சமாதானத்துக்கு 1962இல் இன்னொன்று. வேதிப் பிணைப்பைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துத்தான் நானே கல்லூரியில் வேதியியலைக் காதலித்தேன். தினம் 3 கிராம் வைட்டமின் சி சாப்பிடச் சொல்லி 1966இல் அவருக்கு ஒருவர் கடிதம் எழுதினார். சாப்பிட்டார், சளி குறைந்ததாக உணர்ந்தார், 1970இல் புத்தகம் போட்டார். அது அமோகமாக விற்றது. மினசோட்டா பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்த சோதனை, பெரிய பலன் இல்லை என்று 1942லேயே சொல்லியிருந்தது. இரண்டு நோபல் வாங்கியவர் பேசும்போது அதை யார் தேடிப் படிப்பார்கள்? நானும் படிக்கவில்லை.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் தன் ஊழியர்கள் 311 பேரிடம் சோதித்துப் பார்த்து, 1975இல் முடிவை வெளியிட்டது. பாதிப்பேருக்கு வைட்டமின் சி கேப்சூல், பாதிப்பேருக்கு லாக்டோஸ் அடைத்த போலிக் கேப்சூல். வேலை செய்பவர்கள் விவரமானவர்கள் ஆயிற்றே! சிலர் கேப்சூலை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். புளித்தால் வைட்டமின், இனித்தால் லாக்டோஸ். முடிவை அலசியபோது சங்கதி வெளியே வந்தது. தனக்குக் கிடைப்பது என்னவென்று ஊகித்தவர்களிடம் வைட்டமின் சளியைக் குறைத்தது போலத் தெரிந்தது. ஊகிக்காதவர்களிடம் வித்தியாசமே இல்லை. ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைக்காதே என்று உங்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு நடந்த சோதனைகளையும் சேர்த்து, 2013இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு வந்தது: 29 சோதனைகள், 11,306 பேர். தினமும் மாத்திரை சாப்பிட்ட சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. மாரத்தான் ஓடுபவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுத்த சிப்பாய்கள் என 598 பேருக்கு மட்டும் பாதியாகக் குறைந்தது. வந்த சளி நீடிக்கும் காலம் பெரியவர்களுக்கு 8 சதவீதம், குழந்தைகளுக்கு 14 சதவீதம் குறைந்தது. அதாவது குழந்தைகளுக்கு ஏழு நாள் சளி ஆறு நாளாகும். அதுவும் முன்கூட்டியே தினமும் சாப்பிட்டு வந்தால்தான்; மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகு சாப்பிட்டதில் நிலையான பலன் தெரியவில்லை.

கொரோனா சமயத்தில் நம் குடும்ப குரூப்பில் வந்த 'இம்யூனிட்டி பவர்' பார்வேர்டுகளில் பாதி நான் அனுப்பியவை. ஆரஞ்சு வாசனை மாத்திரை கிடைக்காமல் என் மைத்துனர் நான்கு மெடிக்கல் கடை அலைந்தார். கொரோனா நோயாளிகள் 214 பேருக்குத் தினம் 8,000 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2021இல் வந்தது. பலனில்லை என்று பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள்.

வைட்டமின் சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் வெள்ளை அணுக்கள் அதை இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு சேர்த்து வைத்துக்கொள்கின்றன. அது குறைந்தால் எதிர்ப்பாற்றலும் குறையும். ஆனால் நம் நாட்டுப் பரிந்துரை ஆணுக்கு நாளுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. ஒரு கொய்யாவிலேயே அது தாண்டிவிடும். மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கும் ஆண்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடுவதாக ஸ்வீடன் ஆய்வு ஒன்று சொல்கிறது.

மாணவியிடம் நேற்று இதையெல்லாம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அந்தக் கேள்விக்கு எனக்கு அஞ்சு மார்க் போட்டீங்களே டீச்சர்?" என்றாள். மார்க்கைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பையனுக்கு கொய்யா பிடிக்காதாம். நெல்லிக்காய் என்றால் உப்பு தொட்டுச் சாப்பிடுவானாம்.