பழமொழி இல்லாத எரு

ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆட்டுப் புழுக்கை போட்டவுடன் வேலை செய்யும், சாணம் மெதுவாக மக்கி அடுத்த போகத்துக்குத்தான் கை கொடுக்கும் என்று அர்த்தம். கோழி எருவுக்கு இப்படி ஒரு பழமொழி உண்டா என்று, ஓசூருக்கு வந்த நாள் முதலாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் இது. மூன்று மொழிக்காரர்களும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். வள்ளுவரும்கூட ஏர் ஓட்டுவதைவிட எருப் போடுவது மேல் என்றாரே தவிர, எந்த எரு என்று சொல்லாமல் விட்டுவிட்டார்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். காரைக்காலில் என் சிறுவயதில் எங்கள் வீட்டில் ஏழெட்டுக் கோழிகள் இருந்தன. ராத்திரி பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்போம். காலையில் அம்மா அடியில் கிடப்பதைக் கூட்டி அள்ளி வாழையடியில் கொட்டுவார். ஒரு முறம்கூடத் தேறாது. வயலுக்கு எரு என்றால் மாடு, இல்லாவிட்டால் கிடை போட்ட ஆடு. முறம் அளவுச் சமாசாரத்துக்கு யார் பழமொழி கட்டுவார்கள்?

ஆனால் பறவை எருவின் அருமையை வேறு தேசத்தார் வெகு காலம் முன்பே அறிந்திருந்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ரோமாபுரியில் விவசாய நூல் எழுதிய கொலுமெல்லா, எருக்களில் புறா எருவுக்கு முதலிடமும் கோழி எருவுக்கு அடுத்த இடமும் கொடுத்தார். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. அங்கே 1789 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு எங்களுக்கு மனப்பாடம். பிரபுக்களின் சலுகைகளைப் பிரெஞ்சு தேசிய சபை ஒழித்த இரவு. அதையொட்டி வந்த சட்டத்தின் இரண்டாவது விதி என்ன தெரியுமா? புறாக்கூண்டு வைக்கும் தனி உரிமை ரத்து. வகுப்பில் இதைக் கேட்டுச் சிரித்தோம். புரட்சி செய்கிறவர்களுக்குப் புறாவா பெரிசு?

பெரிசுதான். பல பகுதிகளில் பெரிய புறா மாடம் கட்டுவது பிரபுவுக்கு மட்டுமே உரிய பாத்தியதை. அந்தப் புறாக்கள் ஏழை விதைத்த தானியத்தைப் பொறுக்கித் தின்னும். விரட்டலாம், கொல்லக் கூடாது. தின்ற தானியம் எருவாக விழுவதோ பிரபுவின் மாடத்தில். அந்த எருவுக்கு பிரெஞ்சில் 'கொலொம்பீன்' என்று தனிப் பெயரே இருக்கிறது. விதை ஒருவனுடையது, எரு இன்னொருவனுடையது! அந்த விதி எதற்கு என்று, சொந்தமாகத் தோட்டம் போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த கதை பெரு நாட்டுக் கடலோரத் தீவுகள். கடற்பறவைகள் மழையில்லாத அந்தப் பாறைகளில் மலையாய்க் குவித்த எச்சத்துக்கு குவானோ என்று பெயர். ஹம்போல்ட் அதில் கொஞ்சம் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். பாரிசில் ஃபூர்க்ருவா, வோக்லான் என்ற இரண்டு ரசாயன அறிஞர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது யூரிக் அமிலம் நிறைய இருந்தது. பிறகு அதைக் கப்பல் கப்பலாக அள்ளினார்கள். எச்சம் கிடக்கும் ஆளில்லாத் தீவுகளைச் சொந்தம் கொண்டாட 1856இல் அமெரிக்கா ஒரு சட்டமே போட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஓசூரை அடுத்த மத்திகிரியில் உள்ள அரசுக் கால்நடைப் பண்ணை 1824இல் தொடங்கியது. அப்போது ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க. பிறகு அது மாட்டுப் பண்ணையாக ஆனது. இன்று அதே மத்திகிரியில் கோழி வளர்ப்புக்கென்றே ஒரு கல்லூரி நடக்கிறது. குதிரை, மாடு, கோழி என்று ஒரே கிராமத்தில் இரு நூற்றாண்டு ஓடிவிட்டது.

கோழிக்கு இந்த மவுசு வந்தது நம் காலத்தில்தான். பி.வி. ராவ் 1971இல் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸைத் தொடங்கினார். முட்டை விலையை வியாபாரிகள் மட்டும் தீர்மானிக்கக் கூடாது என்று பண்ணையாளர்கள் சேர்ந்து 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தார்கள். இந்தப் பக்கம் சிப்காட் வந்தது, ஆலைகள் வந்தன, பக்கத்திலேயே பெங்களூர். சாப்பிட ஆள் பெருகப் பெருக ஷெட்டும் பெருகியது. முட்டைக் கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 100 கிராம் எச்சமிடும். பத்தாயிரம் கோழி உள்ள ஷெட்டில் தினம் ஒரு டன். என் அம்மாவின் முறம் எங்கே, இது எங்கே!

எங்கள் லேஅவுட்டுக்கு அரை கிலோமீட்டரில் அப்படி ஒரு ஷெட் இருக்கிறது. ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளிக்காரர்கள் டிராக்டரில் வந்து அள்ளிப் போவார்கள். நானும் ஓய்வுபெற்று மகனிடம் வந்த புதிதில் இரண்டு மூட்டை வாங்கினேன். பாடப்புத்தகக் கணக்கில் தொழு உரத்தில் தழைச்சத்து 0.5 சதவீதம், கோழி எருவில் சுமார் 3. ஆறு மடங்கு! ஃபைல் பார்த்தே பழகிய மூளைக்கு அந்த எண் போதுமானதாக இருந்தது. கத்தரி, தக்காளி, கொத்தவரை எல்லாவற்றுக்கும் தாராளமாகத் தூரில் கொட்டித் தண்ணீர் விட்டேன். நாலாம் நாள் இலை ஓரம் காய்ந்தது. பத்தாம் நாள் பாதிச் செடி இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் கீரை போடும் அம்மாள் எட்டிப் பார்த்து, "வெந்துபோச்சு சார். பச்சை எருவைப் போட்டா வேகாம என்ன செய்யும்?" என்றார். அவர் சொன்ன முறை இது. மழை படாத இடத்தில் எருவோடு சருகும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து குவிக்க வேண்டும். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. உள்ளே கை வைக்க முடியாதபடி சுடும். சூடு குறையும்போது புரட்டிப் போட வேண்டும். மூக்கைக் குத்தும் காரம் போய் மண்வாசனை வருகிறவரை செடிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. இரண்டு மாசமாவது ஆகும்.

கோழி எச்சத்தின் மேல் வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் பாரிசில் அந்த இருவரும் கண்ட யூரிக் அமிலம். பறவை மாடு மாதிரித் தனியாக மூத்திரம் பெய்வதில்லை, எல்லாம் ஒன்றாகவே விழும். அது நுண்ணுயிர்களால் யூரியாவாகி, அம்மோனியாவாக மாறுகிறது. வேரைச் சுடுவதும் மூக்கைக் குத்துவதும் அதுவே. நார்க்கழிவு சேர்த்தால் நுண்ணுயிர்கள் அந்தச் சத்தைத் தங்களுக்குள் பிடித்து வைத்துக்கொள்கின்றன, காற்றில் போவது குறைகிறது. அந்த அம்மாளுக்கு வோக்லானைத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்து என்ன பிரயோஜனம்?

போன வருஷம் சங்கடம் வேறு ரூபத்தில் வந்தது. மழைக்காலத்தில் ஷெட்டின் குவியல் நனைந்து ஈ பெருகிவிட்டது. சோற்றில் ஈ, பால் டம்ளரில் ஈ. ஷெட்டையே மூடச் சொல்லி மனுக் கொடுக்க லேஅவுட்காரர்கள் தீர்மானித்தார்கள். எழுதித் தர ஆள் வேண்டுமே. முப்பத்தைந்து வருஷம் குறிப்பு எழுதிய குமாஸ்தா நான் ஒருவன் இருக்கிறேன். "நீங்க எழுதினாத்தான் சார் எடுபடும்" என்று வந்து உட்கார்ந்தார்கள்.

ஷெட் அங்கே வந்து இருபது வருஷம், லேஅவுட் வந்து பன்னிரண்டு. ஈத் தொல்லையும் பொய்யில்லை, என் பேத்திக்கே வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் யோசித்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். குவியலுக்கு மேல் கூரை, சுற்றி வடிகால், மழைக்கு முன் எருவை அப்புறப்படுத்துவது என்று மூன்று கோரிக்கை. மூடச் சொல்லவில்லை. பாதிப் பேர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். எருவுக்காக நான் விலை போய்விட்டதாக ஒருவர் என் காதுபடவே சொன்னார். பண்ணைக்காரருக்கும் கோபம். "நீங்களே எழுதிட்டீங்களே சார்" என்றவர், அடுத்த மூட்டைக்குப் பத்து ரூபாய் கூட வாங்கினார்.

மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. குவியலின் மேல் மட்டும் நீலத் தார்ப்பாய் வந்திருக்கிறது, ஆடிக் காற்றுக்குப் பறக்காமலிருக்க மேலே நாலு பழைய டயர். என் வீட்டுப் பின்புறக் குவியலுக்கு நேற்றோடு 41 நாள். காலையில் புரட்டும்போது இன்னும் லேசாக மூக்கைக் குத்தியது.