இருபது வினாடிச் செய்தி

நாவலூரில் மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் காலி மனைகளில் கால்பந்து தொடங்கிவிடும். பழைய மாமல்லபுரம் சாலையின் இரைச்சலையும் மீறிக் கோயில் ஒலிபெருக்கியின் பாட்டு கேட்கும். தேநீர்க்கடைப் பலகையில் மடித்துக் கிடக்கும் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், எப்போதாவது ஒருமுறை, ஒற்றைப் பத்தியில் ஒரு செய்தி இருக்கும்: கல்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அணு அவசரநிலை ஒத்திகை நடைபெற்றது, பொதுமக்கள் பீதியடையத் தேவையில்லை. அதன் கீழே நகைக்கடை விளம்பரம். நாம் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்தப் புரட்டலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

தாராப்பூர் அமெரிக்கர் கட்டித் தந்தது. ராஜஸ்தானில் கனடாவின் கை இருந்தது. நம்மவரே முன்னின்று கட்டிய முதல் அணுமின் நிலையம் கல்பாக்கம்தான். டச்சுக்காரர்கள் துணி வாங்கிக் கோட்டை கட்டிய சதுரங்கப்பட்டினத்துக்கு அடுத்த கடற்கரையில், 1983 ஜூலையில் முதல் உலை உயிர்பெற்றது. இரண்டாம் உலை வணிகமுறை உற்பத்தியில் இறங்கியது 1986 மார்ச் மாதத்தில். பெருமைக்குரிய செய்திதான், நாமும் பெருமைப்பட்டோம். ஐந்து வாரம் கழித்துச் செர்னோபில் வெடித்தது.

1986 ஏப்ரல் 26, சனிக்கிழமை, பின்னிரவு. உலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்த ப்ரிப்யாத் நகரம் விடிந்ததும் வழக்கம்போல் இயங்கியது. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். மே தின விழாவுக்கென ராட்டினங்கள் காத்திருந்தன. மறுநாள் பிற்பகல்தான் பேருந்துகள் வந்தன. மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லியே மக்களை ஏற்றிச்சென்றார்கள். உலகுக்கு விஷயம் தெரியவந்தது சோவியத் வானொலியால் அன்று. 28ஆம் தேதி காலை சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஊழியர் ஒருவரின் காலணியில் கண்ட கதிரியக்கத்தால். அன்றிரவு மாஸ்கோ தொலைக்காட்சி செய்தியை ஒப்புக்கொண்டது. விபத்து நேர்ந்தது, ஓர் உலை சேதமுற்றது, நடவடிக்கை எடுக்கப்படுகிறது, குழு அமைக்கப்பட்டிருக்கிறது. எல்லாம் சேர்த்துச் சுமார் 20 வினாடி. நம் ஒற்றைப் பத்தியின் ரஷ்ய வடிவம் எனலாம்.

மூன்று நாள் கழித்து, மே முதல் நாள், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த கீவ் நகரில் மே தின ஊர்வலம் நடந்தே தீர்ந்தது. வாத்தியங்கள் முழங்கின, குழந்தைகள் பூங்கொத்தோடு நடந்தார்கள். நகரின் கதிரியக்க அளவு ஏறிக்கொண்டிருந்ததை அறிந்தவர்கள் அறிந்தேயிருந்தார்கள். இசை நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று கேட்பார்களல்லவா? அதனால் அது நிற்கவில்லை.

அதற்கும் மறுநாள், மே 2ஆம் தேதி, பிரான்சின் லியோன் நகரில் கீவின் டைனமோ அணி, அத்லெதிகோ மாட்ரிட்டை 3-0 என வென்று ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையைத் தூக்கியது. ஒரு மாதம் கழிந்து மெக்சிகோ உலகக் கோப்பையில் சோவியத் அணி ஹங்கேரியை 6-0 என நொறுக்கியபோதும் களத்திலிருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கீவ் ஆட்டக்காரர்களே. அந்தக் கோடையில் நம்மவர்கள் தூர்தர்ஷன் முன் கண்விழித்து மாரடோனாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பந்தை விரட்டிய அந்தக் கால்களின் ஊரில் பிள்ளைகளை வெளியூர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் ஆட்டத்தைப் பார்க்காமல் இருந்திருப்போமா என்பது வேறு கேள்வி. அதற்கு நேர்மையான விடை நம்மிடம் இல்லை.

இதெல்லாம் சோவியத் கதை என்று ஒதுக்கிவிட முடியாதபடி நமக்கும் ஒரு தேதி உண்டு: 2003 ஜனவரி 21. தைப்பூசம் கழிந்து மூன்றாம் நாள். திருப்போரூர் முருகன் கோயிலில் கூட்டம் அப்போதுதான் வடிந்திருக்கும். அதே வாரத்தில் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை. அன்று கல்பாக்கத்தின் எரிபொருள் மறுபதப்படுத்தும் ஆலையில், பழுதுற்ற வால்வு ஒன்றின் வழியே அதிகக் கதிரியக்கமுள்ள கழிவு, குறைந்த கதிரியக்கமுள்ள தொட்டிக்குள் புகுந்துவிட்டது. அங்கே எச்சரிக்கக் கருவி இல்லை. அறியாமல் மாதிரி எடுத்துக் கையாண்ட ஆறு ஊழியர்கள், ஓராண்டுக்கு அனுமதிக்கப்பட்ட அளவைப்போலப் பல மடங்கு கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். தொழிற்சங்கம் குரல்கொடுத்து, செய்தி பொதுவெளிக்கு வந்து சேர ஆறு மாதத்துக்கு மேலாயிற்று. அதற்கு மூன்றாண்டு முன்னர்தான், 2000இல், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கூடங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்கப்பட்டிருந்தன. இந்த ஆலை அம்மையத்தைச் சேர்ந்தது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமோ, தகவலைப் பூட்டிவைக்க அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. செர்னோபிலோடு அளவில் ஒப்பிடத் தகாத நிகழ்ச்சிதான் இது. ஆனால் அவர்கள் மூன்று நாளில் ஒப்புக்கொண்டார்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை ஆழிப்பேரலை கல்பாக்கத்தில் ஏறியபோது, இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. அப்போதுதான் வேலை தொடங்கியிருந்த அதிவேக ஈனுலையின் அடித்தளப் பள்ளத்தில் கடல்நீர் நிரம்பியது. உலைக்குச் சேதமில்லை என்ற செய்தி அந்த முறை தாமதமின்றி வந்தது. வந்தும் பலர் நம்பவில்லை. முந்தைய ஆண்டின் மௌனத்தை அறிந்தவர்கள் எப்படி நம்புவார்கள்?

ஒத்திகைக்கென வரைந்திருக்கும் வட்டம் 16 கிலோமீட்டர். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் அதற்குள் அடங்கும், திருக்கழுக்குன்றமும் அடங்கும். நாவலூர் அடங்காது, நேர்கோட்டில் நாம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கீவ் இதைப்போல மூன்று மடங்கு தொலைவில் இருந்தது. இருட்டிவிட்டது; பந்து எங்கே போயிற்றென்று தெரியாமல் பையன்கள் கைப்பேசி வெளிச்சத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.