மீன்பிடிப் பூனை

மீன்பிடிப் பூனை, தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் சதுப்பு நிலம், ஏரி, கழிமுகம், அலையாத்திக் காடு ஆகியவற்றை ஒட்டி வாழும் காட்டுப்பூனை இனம். வீட்டுப்பூனையைவிட நன்றாகப் பெரியது; ஆண் 16 கிலோ வரை எடையிருக்கும். சாம்பல் படர்ந்த பழுப்பு மேனியில் கரும்புள்ளிகள் வரிசையாக ஓடும். சிறிய, வட்டமான காதுகளின் பின்புறம் கறுத்து, நடுவில் வெண்புள்ளி ஒன்று தெரியும்.

இதை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தவர் எட்வர்ட் டர்னர் பென்னெட். ஆண்டு 1833. புனுகுப்பூனையின் சாயல் கண்டு அவர் விவெர்ரினஸ் எனப் பெயரிட்டு, ஃபெலிஸ் பேரினத்தில் வைத்தார். இன்று இது பிரியோனைலூரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. 1858-இல் அப்பேரினத்தை வகுத்தவர் ரஷ்ய விலங்கியலாளர் நிக்கொலாய் செவெர்ட்சோவ். சிறுத்தைப் பூனை, துரும்பன் பூனை, தட்டைத்தலைப் பூனை ஆகியவை இதன் நெருங்கிய உறவுகள். ஜாவாத் தீவில் வாழ்ந்தவற்றை, மண்டையோடு சற்றுக் குட்டையாயிருப்பதை வைத்து, 1936-இல் சோடி என்ற விலங்கியலாளர் தனித் துணையினமாகப் பிரித்தார்.

நீர்வாழ்வுக்கான தகவமைப்பு என்றதும் பலரும் இதன் விரலிடைத் தோலையே சுட்டுவார்கள். அத்தோல் வேறு பூனைகளுக்கும் உண்டு. இதற்கு மட்டுமே உரிய சிறப்பன்று. உண்மையான சிறப்பு மயிரில் இருக்கிறது. தோலை ஒட்டிக் குட்டையாக, மிக நெருக்கமாக ஓர் அடிமயிர் அடுக்கு. அதை ஊடுருவி நீண்ட மேல்மயிர். பூனை நீரில் மூழ்கினாலும் அடிமயிரைத் தாண்டி ஈரம் எளிதில் தோலைத் தொடாது, உடற்சூடு குறையாது. நகங்களை உள்ளிழுத்த பிறகும் நுனி உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வழுக்கும் மீனைக் கொக்கிபோல் மாட்டி இழுக்க இது உதவுகிறது. குட்டையான, தடித்த வால் நீந்தும்போது திசை திருப்பத் துணைசெய்யும். பற்களில் மட்டும் தட்டைத்தலைப் பூனையே முந்தி நிற்கிறது. அதன் கூரிய முன்கடைவாய்ப் பற்கள் மீனைக் கவ்வவே அமைந்தவை.

உடலமைப்புக்கு ஈடாகப் பொறுமையும் இதன் மூலதனம். இரவில் கரையோரம் குந்தி, நீர்ப்பரப்பை விட்டுக் கண்ணெடுக்காமல் நெடுநேரம் அசையாதிருக்கும். மீன் அருகே வந்ததும் முன்பாதத்தால் வாரியெடுக்கும். அல்லது தலைகுப்புறப் பாய்ந்து வாயால் கவ்வும். ஆழமற்ற இடங்களில் மெல்ல நடந்து துழாவும். மீன் தவிர எலி, பறவை, நண்டு, தவளை, பாம்பு, பூச்சி ஆகியவற்றையும் தின்னும். சூலுற்ற காலம் ஏறத்தாழ 63 முதல் 70 நாள். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகள் பிறக்கும்.

இந்தியாவில் இமயமலை அடிவாரச் சதுப்புகள், சுந்தரவனம், சிலிகா ஏரி, கோதாவரிக் கழிமுகத்துக் கோரிங்கா ஆகிய இடங்களில் காணப்படுகிறது. மேற்கு வங்கத்தின் மாநில விலங்கு இதுவே. அங்கே பாக்ரோல் என்பார்கள். இலங்கையில் கடலோரம் தொடங்கி மலைநாடு வரை பரவியுள்ளது. கொழும்பு நகரின் சதுப்புகளிலும் வாழ்ந்து, இரவில் வீட்டுத் தொட்டி மீன்களையும் தேடி வருகிறது.

சதுப்புகளைத் தூர்ப்பதும் இறால் பண்ணைகளாக மாற்றுவதும் இதன் வாழிடத்தைச் சுருக்கிவருகின்றன. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற இவ்வினத்தை, 2016-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டது.