கணினி விசைப்பலகையின் சிறப்பு விசைகள்

கணினி விசைப்பலகையில் எழுத்தையோ எண்ணையோ பதிக்காமல் நிரலுக்குக் கட்டளை தரும் விசைகளைச் சிறப்பு விசைகள் என்கிறோம். கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப், ஸ்க்ரோல் லாக், எஃப் வரிசை ஆகியவை இந்த வகை. வடிவமைப்பு படிப்படியாகச் செம்மைப்பட்டதே இவற்றின் வரலாறு என்று பலர் கருதுகிறார்கள். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. விசைகள் இடம் மாறின, புதியன வந்தன. ஆனால் நிரல்கள் ஒருமுறை நம்பத் தொடங்கிய குறியீட்டை ஒழிக்க எந்த நிறுவனத்தாலும் எளிதில் முடியவில்லை.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் 83 விசைகள் இருந்தன. எஃப்1 முதல் எஃப்10 வரை இடது ஓரத்தில் இரண்டு நெடுவரிசைகளாக நின்றன. கண்ட்ரோல் ‘ஏ’ எழுத்தை ஒட்டி இருந்தது. கேப்ஸ் லாக்கின் இடம் ஸ்பேஸ் பாருக்கு வலப்புறம். 1984-இல் ஏடி கணினி, இயங்குதளங்களின் பயன்பாட்டுக்கென்று சிஸ்ரெக் என்ற விசையைச் சேர்த்தது. அன்றைய டாஸ் இயங்குதளம் அதைக் கண்டுகொள்ளவில்லை. இருந்தும் அது மறையாமல் பிரிண்ட் ஸ்க்ரீன் விசையோடு ஒட்டிக்கொண்டது. பின்னாளில் லினக்ஸ், உறைந்துபோன கணினியை மீட்கும் கட்டளைகளுக்கு அதை எடுத்துக்கொண்டது. 1986-இன் 101 விசைப் பலகையில் எஃப் வரிசை மேலே ஏறியது, கண்ட்ரோல் கீழே இறங்கியது, தட்டச்சுப்பொறி வழக்கப்படி கேப்ஸ் லாக் ‘ஏ’யின் பக்கத்துக்கு வந்தது. பழகிய விரல்கள் தடுமாறின, நிரல்கள் தடுமாறவில்லை. கண்ட்ரோல் பெயர்ந்தாலும் அது அனுப்பும் குறியீட்டெண் மாறவில்லை என்பதுதான் காரணம். 1994-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் விசைகளையும் மெனு விசையையும் கொண்டுவந்தபோதும் பழையது எதுவும் வெளியேறவில்லை. 104 விசைப் பலகை உருவான விதம் இதுவே.

விசைகள் நீக்கப்பட்டதும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆப்பிள் 2016-இல் டச் பார் கொண்ட மேக்புக் ப்ரோவில் எஸ்கேப்பைத் தொடுதிரைக்கு மாற்றியது. விஐ போன்ற திருத்திகளில் எஸ்கேப்பை ஓயாமல் அழுத்துபவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2019-இன் 16 அங்குல மாதிரியில் அது மீண்டும் அழுத்தும் விசையானது. குரோம்புக்கில் கேப்ஸ் லாக் இருந்த இடத்தைத் தேடல் விசை பிடித்தது. அங்கும் ஆல்ட்டோடு தேடல் விசையை அழுத்தினால் கேப்ஸ் லாக் விழித்துக்கொள்கிறது. போனது விசைதான், வேலை போகவில்லை.

யாரும் தொடாத விசைகளைச் சுமப்பது வீண் என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் ‘யாரும்’ என்பதில் யார் யார் அடக்கம்? பெரும்பாலானோருக்குத் தொல்லையாகத் தோன்றும் இன்சர்ட்தான் ஜாஸ், என்விடிஏ ஆகிய திரைவாசிப்பு மென்பொருள்களின் முதன்மைக் கட்டளை விசை. மடிக்கணினிகளில் கேப்ஸ் லாக்கும் அந்தப் பணியைச் செய்கிறது. பார்வையற்றவர்கள் பலர் கணினியை இயக்குவது இவற்றைக் கொண்டுதான்.

2024-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கோபைலட் விசையையும் இங்கே பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் காலத்தின் அடையாளமாக வந்த அந்த விசை உள்ளே அனுப்புவது விண்டோஸ், ஷிஃப்ட், எஃப்23 ஆகியவற்றின் கூட்டை. 24 செயல் விசைகள் கொண்ட பழைய ஐபிஎம் முனையங்களின் காலத்து எண்வரிசை அது. பல மடிக்கணினிகளில் வலப்பக்கக் கண்ட்ரோல் இருந்த இடத்தில் இப்போது அந்த விசை உட்கார்ந்திருக்கிறது. இனி ஒரு விசையை எடுக்கும் தயாரிப்பாளர்கள், அதை நம்பி வேலை செய்பவர்களை முதலில் கேட்கட்டும்.