கீழையூர் படகுத்துறை

கீழையூர் படகுத்துறை என்பது தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டத்தில், பூம்புகாரை அடுத்துள்ள கீழையூரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பண்டைய செங்கல் கட்டடம் ஆகும். சங்க இலக்கியங்கள் வழி அறியப்பட்டிருந்த காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்துக்கு இது தொல்லியல் சான்றாக அமைந்தது.

அகழாய்வு

1960களில் இந்தியத் தொல்லியல் துறை இங்கு அகழாய்வு நடத்தியது. பெரிய செங்கற்களால் கட்டப்பட்ட மேடையும் அதையொட்டி ஊன்றப்பட்ட மரத்தூண்களும் வெளிப்பட்டன. இவை படகுகளைக் கட்டுவதற்கான தூண்கள் எனக் கருதப்படுகின்றன. கரிமக் காலக்கணிப்பின்படி மரத்தின் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது. எனினும் இக்கணிப்பு மரம் வளர்ந்த காலத்தையே காட்டும். பழைய மரம் பயன்பட்டிருப்பின் கட்டடம் சற்றுப் பிந்தியதாகலாம்.

வணிகத் தொடர்பு

பெரிப்ளூசு நூல் "கமரா" என்றும், தாலமி "கபேரிசு" என்றும் குறிப்பிடும் துறைமுகம் காவிரிப்பூம்பட்டினமே என்பது அறிஞர் கருத்து. ஈழம், காழகம் ஆகிய இடங்களின் பொருள்களும், கடல்வழி வந்த குதிரைகளும் இங்கு குவிந்ததையும், சுங்க அலுவலர் பொதிகளில் புலி முத்திரை இட்டதையும் பட்டினப்பாலை கூறுகின்றது. பூம்புகார்ப் பகுதி அகழாய்வுகளில் சோழரின் சதுரச் செப்புக்காசுகளும் கிடைத்துள்ளன.

தமிழகத்துடனான உரோமானிய வணிகம் பெருகியது கி.மு. 1ஆம் நூற்றாண்டின் இறுதியில், அகசுத்தசு காலத்திலேயே. மேற்கண்ட காலக்கணிப்பு சரியெனில், உரோமர் வருகைக்கு முன்னரே காவிரிக் கழிமுகத்தில் படகுப் போக்குவரத்துக்கென நிலையான துறை இருந்துள்ளது.